காற்று வாசித்த மூங்கில்: ஜொகூர் நிலமும் குழலிசையின் மனோதர்மமும்

கர்நாடக இசையில் குழல் பயிலும் மாணவர் சரளி வரிசையில் தொடங்கி வர்ணம், கீர்த்தனை வரை பிழையின்றி வாசிக்கத் தேர்ந்த பின்னும், அடுத்த படியில் கால் வைக்கத் தயங்கி நிற்பது பயிற்றுநர்கள் எல்லோரும் அறிந்த ஒன்று. அந்தப் படிக்கு மனோதர்மம் என்று பெயர். முன்னரே இயற்றப்பட்ட உருப்படியை ஒப்பிக்காமல், ராகத்தின் இலக்கணத்துக்குள் நின்றபடியே, அந்தந்தக் கணத்தில் தன் கற்பனையால் இசையை விரித்துச் செல்லும் திறனை அச்சொல் குறிக்கிறது. தாளக்கட்டின்றி ராகத்தை விரிக்கும் ஆலாபனை, பாடலின் ஒரு வரியைப் பலவாறு மாற்றி மாற்றி வாசிக்கும் நிரவல், தாளத்துக்குள் ஸ்வரங்களைக் கோக்கும் கற்பனாஸ்வரம் ஆகியவை அதன் முதன்மையான வடிவங்கள். இந்தத் தயக்கத்தைப் போக்க இயற்கையைக் கேட்கச் சொல்லும் அறிவுரை பல நாட்டு இசைமரபுகளிலும் உண்டு. அது அழகான அறிவுரைதான். ஆனால் எதைக் கேட்பது, கேட்டதைக் கொண்டு குழலில் என்ன செய்வது என்று சொல்லப்படாதவரை அதனால் மாணவருக்குப் பயன் குறைவு. மூங்கிலைக் காற்றே இசைத்ததாகச் சொல்லும் பழைய குறிப்புகளும், இன்னும் எஞ்சியிருக்கும் மழைக்காடும், ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வேரூன்றிய தமிழ்ச் சமூகமும் ஒருங்கே அமைந்த ஜொகூர் மாநிலம் இந்தக் கேள்வியை ஆராய்வதற்குப் பொருத்தமான களம்.

ஜொகூரின் வடமேற்கு எல்லையில், தங்காக் நகருக்கு அருகில், 1,276 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது லேடாங் மலை. ஜொகூர் அரசின் பெண்டஹாராவாக, அதாவது தலைமை அமைச்சராக, இருந்த துன் ஸ்ரீ லானாங் 1612ஆம் ஆண்டில் தொகுத்ததாகக் கருதப்படும் ‘செஜாரா மெலாயு’ என்னும் மலாய் வரலாற்று நூலில் இம்மலையைப் பற்றிய புகழ்பெற்ற கதை ஒன்று உண்டு. மலாக்கா சுல்தான் மஹ்மூத் ஷா அம்மலையில் வாழும் இளவரசியை மணக்க விரும்பித் தூது அனுப்புகிறார். கடுங்குளிரும் காற்றும் மழையும் வருத்த, துன் மாமாட் என்னும் தூதர் சிலரோடு மட்டும் மேலேறிச் செல்கிறார். மலையின் நடுப்பகுதியில் அவர் காதில் விழுவது மூங்கிலின் இசை. ‘பூலோ பெரிண்டு’, அதாவது ஏக்கம் தரும் மூங்கில், என்று அந்நூல் அதனை அழைக்கிறது. பறந்து செல்லும் பறவைகளும் இறங்கி அமர்ந்து கேட்கும் அளவுக்கு அது இனிமையாக ஒலித்ததாகவும், காட்டு விலங்குகள் மெய்ம்மறந்து நின்றதாகவும் கதை சொல்கிறது. இளவரசி கேட்ட இயலாத சீர்வரிசைகளைப் பற்றியே பின்னாளில் நாடகங்களும் திரைப்படமும் பேசின. மூங்கிலின் பாட்டு கதையின் ஓரத்துக்குப் போய்விட்டது. இசை பயில்வோருக்கோ அந்த ஓரமே முதன்மையானது.

அது கவிஞரின் கற்பனை மட்டும்தானா என்ற ஐயத்துக்கு 19ஆம் நூற்றாண்டுப் பயணக் குறிப்புகள் விடை தருகின்றன. சிங்கப்பூரில் 1847இல் தொடங்கப்பட்ட இந்தியத் தீவுக்கூட்ட ஆய்விதழின் ஆசிரியரான ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன், ஜொகூரின் உள்நாட்டு ஆறுகளின் வழியே பயணம் செய்து, அங்கு வாழ்ந்த ‘ஓராங் பினுவா’ மக்களைப் பற்றி விரிவாக எழுதினார். இன்று ஜக்கூன் என்று அழைக்கப்படும் பூர்வகுடிகளின் முன்னோர் அவர்கள். அவரும் அவர் காலத்துப் பயணிகளும் மலாய்த் தீபகற்பத்துக் காட்டு மக்களிடம் கண்ட விந்தைகளுள் ஒன்று காற்று மூங்கில். நீண்ட மூங்கிலின் ஒவ்வொரு கணுவிடையிலும் ஒரு கீற்றை வெட்டி, மரங்களின் உச்சிக்கு மேலே அசையும்படி நட்டுவிடுவர். அதன்பின் அதை மனிதர் தொடுவதில்லை. கணுவிடைகளின் எண்ணிக்கைக்கேற்ப ஒரே மூங்கிலில் 14 முதல் 20 வரை வெவ்வேறு ஒலிகள் பிறந்ததாகவும், மெல்லிய காற்றில் குழலைப் போலவும் பலத்த காற்றில் ஆழ்ந்த பேரொலியாகவும் அது மாறி மாறி இசைத்ததாகவும் குறிப்புகள் தெரிவிக்கின்றன. அதற்கும் பூலோ பெரிண்டு என்றே பெயர் என்பது கவனத்துக்குரியது. கதையில் வந்த பெயரும் காட்டில் நின்ற பொருளின் பெயரும் ஒன்றாகவே இருந்தன.

தமிழ் வாசகருக்கு இக்காட்சி புதிதன்று. அகநானூற்றின் 82ஆம் பாடலில் கபிலர் குறிஞ்சி நிலத்தின் ஒலிகளை ஓர் இசையரங்காகவே அமைத்துக் காட்டுகிறார். அசையும் மூங்கிலில் ஏற்பட்ட துளைகளின் வழியே மேல்காற்றாகிய கோடை புகுந்து குழலிசையாகிறது, அருவி முழவாகிறது, கலைமான் கூட்டத்தின் குரல் தூம்பு என்னும் துளைக்கருவியாகிறது, வண்டுகள் யாழாகின்றன, மயில் விறலியைப் போல ஆட, மந்திகள் அவையோராக வியந்து நோக்குகின்றன. அத்துளைகள் வண்டு குடைந்தவை என்பது உரைமரபு. தொல்காப்பியம் கருப்பொருள் என்று ஒரு நிலத்துக்கு உரியனவாகத் தொகுத்துச் சொல்லும் பட்டியலில் புள்ளும் மரமும் பறையும் யாழின் பகுதியாகிய பண்ணும் ஒரே வரிசையில் நிற்பதை இங்கு நினைவுகொள்ள வேண்டும். ஒரு நிலத்தில் பாடும் பறவையும் அங்கு முழங்கும் பறையும் அங்கு எழும் பண்ணும் ஒரே இனம் என்பது அந்த இலக்கணத்தின் துணிபு. மேலும், கபிலரின் பாடல் மலையைப் புகழ்வதற்காக எழுந்ததன்று. அந்த மலைநாட்டுத் தலைவனைக் கண்டவர் பலராக இருக்க, உறக்கமிழந்து தோள் மெலிந்தவள் தான் ஒருத்தியே என்று தலைவி தோழியிடம் கூறும் துயரத்தில் முடிவது அது. லேடாங் மலை மூங்கிலின் பெயரிலும் இதே ஏக்கம் உள்ளது. கடல் கடந்த இரண்டு மரபுகள் காற்று இசைத்த மூங்கிலைக் கேட்டு ஒரே உணர்வை அடைந்துள்ளன. ஒன்று மற்றொன்றிடமிருந்து பெற்றது என்று சொல்வதற்குச் சான்றில்லை, சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

காற்று மூங்கிலில் நிகழ்வது என்ன என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். குழலின் முத்திரைத் துளை, அதாவது வாயால் ஊதும் துளை, ஒலியை உண்டாக்கும் முறையும் வண்டு துளைத்த மூங்கில் ஒலியை உண்டாக்கும் முறையும் இயற்பியலின்படி ஒன்றே. மெல்லிய காற்றுத் தாரை ஒரு கூரிய விளிம்பில் மோதும்போது அது விளிம்புக்கு உள்ளும் புறமுமாக மாறி மாறி அலைகிறது. அந்த அலைவு குழாய்க்குள் இருக்கும் காற்றை அதிரச் செய்கிறது. குழாயின் அளவே சுரத்தின் உயரத்தை முடிவு செய்கிறது. காற்று மூங்கிலில் ஒவ்வொரு கணுவிடையும் தனித்தனி அறை. பெரிய அறை தாழ்ந்த ஒலியையும் சிறிய அறை உயர்ந்த ஒலியையும் தரும். எந்தெந்த ஒலிகள் எழலாம் என்பது மூங்கிலை வெட்டியபோதே தீர்மானமாகிவிடுகிறது. எது முதலில், எது அடுத்து, எது எவ்வளவு நேரம், எங்கே அமைதி என்பவற்றைக் காற்று முடிவு செய்கிறது. இதனால் அந்த இசை ஒருபோதும் தன்னையே திரும்பச் சொல்வதில்லை. ஆயினும் தனக்குரிய ஒலிகளைத் தாண்டி அது வெளியே போவதும் இல்லை.

வரையறுத்த சுரங்கள், வரையறையற்ற ஓட்டம் என்னும் இந்த அமைப்பு ஆலாபனையின் பாதி இலக்கணத்தைக் கண்முன் நிறுத்துகிறது. மோகனத்தை எடுத்துக்கொண்ட மாணவருக்கு ஐந்து சுரங்கள் மட்டுமே உண்டு. அவற்றில் மத்திமமும் நிஷாதமும் இல்லை. அந்த எல்லைக்குள் எத்தனை காலம் வேண்டுமானாலும் உலவலாம். மறுபாதி இலக்கணமோ காற்றிடம் இல்லை. ராகம் என்பது சுரங்களின் தொகுப்பு மட்டுமன்று. எந்தச் சுரத்தில் நின்று இளைப்பாறுவது, எதைத் தொட்டுவிட்டு விலகுவது, எந்தச் சொற்றொடர் கேட்டவுடன் ராகத்தின் முகம் தெரியும் என்பனவெல்லாம் சேர்ந்ததே அது. முன்னே வாசித்ததை நினைவில் வைத்து, அதற்கு மறுமொழியாக அடுத்ததை வாசிக்கும்போதே ஆலாபனை வளர்கிறது. காற்றுக்கு நினைவு கிடையாது. அதன் இசை ஒவ்வொரு கணமும் புதிதாகப் பிறந்து, வளராமலேயே மறைகிறது. இயற்கை எல்லாவற்றையும் கற்றுத்தந்துவிடும் என்னும் மிகைக்கூற்றுக்குக் காற்று மூங்கிலே தக்க மறுப்பு.

தமிழ் மரபு இதை உணர்ந்திருந்தது என்பதற்கு இரண்டு இலக்கியச் சான்றுகளைக் காட்டலாம். கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில் வரும் முல்லைநில இடையன், தீக்கடை கோலால் உண்டாக்கிய நெருப்பைக் கொண்டு மூங்கிலில் கருந்துளை இடுகிறான். அந்தக் குழலில் பாலைப் பண்ணை வாசிக்கிறான். அது சலித்ததும், உள்ளீடற்ற குமிழங் கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி, வில்யாழ் செய்து குறிஞ்சிப் பண்ணை எழுப்புகிறான். அதைக் கேட்ட வண்டுகள் தம் இனத்தின் குரல் என்று எண்ணிச் செவிசாய்க்கின்றன. இப்பகுதியில் மிக நுட்பமான இடம் அவன் சலிப்படைவதுதான். கையில் இருப்பது போதாமல் வேறொன்றைத் தேடும் அந்தச் சலிப்பு காற்றுக்கு வராது, மனிதனுக்கே வரும். கற்பனை அங்கிருந்தே தொடங்குகிறது. துளையிடும் முறையும் இரண்டாயிரம் ஆண்டுகளில் பெரிதும் மாறவில்லை. இன்றும் குழல் செய்வோர் காய்ந்த மூங்கிலில் அளவு குறித்து, பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கம்பியை அழுத்தும்போது சிறு புகை எழுகிறது, துளையின் உட்சுவர் கரிந்து கறுக்கிறது. பிறகு அரத்தால் இம்மி இம்மியாகத் தேய்த்து, ஊதிப் பார்த்து, மறுபடியும் தேய்த்துச் சுருதி சேர்க்கிறார்கள். சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்கு நல்லார் மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி ஆகிய ஐந்தையும் குழல் செய்யும் பொருள்களாகக் குறித்தாலும், காலம் கடந்து நிலைத்தது மூங்கிலே.

இரண்டாவது சான்று பெரியபுராணத்தின் ஆனாய நாயனார் வரலாறு. மழநாட்டுத் திருமங்கலத்து இடையரான அவர், கார்காலத்தில் ஆநிரைகளோடு செல்லும்போது, சரம் சரமாகப் பூத்து நின்ற கொன்றை மரத்தைக் காண்கிறார். அது சடையில் கொன்றை அணிந்த சிவனாகவே தோன்ற, உள்ளம் உருகி, ஐந்தெழுத்தைக் குழலில் இசைக்கிறார். இயற்கையின் தூண்டுதல் என்பது எப்படிப்பட்டது என்பதைச் சேக்கிழார் இங்கு மிகத் தெளிவாக வரைந்துள்ளார். மரம் அவருக்கு எந்த ஒலியையும் தரவில்லை. பூத்த மரத்தின் தோற்றம் அவருக்குள் ஏற்கெனவே இருந்த ஒன்றை அசைத்தது, அவ்வளவே. அசைந்தது இசையாக வெளிப்படுவதற்கு வேண்டிய பயிற்சி அவரிடம் முன்னரே இருந்தது. குழலின் துளைகளையும் விரலின் தொழிலையும் இசையிலக்கணத்தோடு சேக்கிழார் விரித்துரைப்பதே அதற்குச் சான்று. இசையைக் கேட்டு ஆநிரை அசைபோட மறந்து நிற்கிறது, பாம்பும் மயிலும் பகை மறக்கின்றன, காற்று ஓய்ந்து மரங்களும் கிளை அசையாமல் நிற்கின்றன. கபிலரிடம் காற்று வாசித்தது, மந்திகள் கேட்டன. சேக்கிழாரிடம் மனிதன் வாசிக்கிறான், காற்று கேட்கிறது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவே ஒரு குழல் மாணவர் கடக்க வேண்டிய தொலைவு என்று கொள்ளலாம்.

கருவியின் நுட்பம் வளராமல் அத்தொலைவைக் கடக்க இயலாது. குழலைத் தனிக்கச்சேரிக் கருவியாக உயர்த்தியவர் கும்பகோணம் சரப சாஸ்திரி. 1872இல் பிறந்து 1904இலேயே மறைந்துவிட்ட அவர் பார்வையற்றவர். அவர் வழிவந்த பல்லடம் சஞ்சீவ ராவ் அம்மரபை அடுத்த அரை நூற்றாண்டுக்கு எடுத்துச் சென்றார். ஆனால் குழலை வாய்ப்பாட்டைப் போலப் பேசவைத்த பெருமை திருவிடைமருதூரில் 1926இல் பிறந்த டி. ஆர். மகாலிங்கத்துக்கே உரியது, ரசிகர்கள் அவரை ‘மாலி’ என்றே அழைத்தனர். சுரங்களைத் தனித்தனிப் படிகளாகத் தட்டிச் செல்லாமல், விரலை வைக்கும் முறையையும் உதட்டின் நிலையையும் மாற்றி, துளையை அரைப்பங்கு, கால்பங்கு என்று நுணுக்கமாகத் திறந்து மூடி, ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் கமகத்தை அவர் குழலுக்குள் கொண்டுவந்தார். கமகம் என்பது சுரத்தை அசைத்தும் வளைத்தும் உயிரூட்டும் முறை. பறவையின் குரலோ காற்றின் ஓலமோ எதுவும் படிக்கட்டில் ஏறுவதைப் போல எழுவதில்லை, எல்லாம் வளைவுகள். வளைவை வாசிக்க வல்ல குழல் கைவந்த பிறகே இயற்கையைக் கேட்பது குழலோனுக்குப் பயன்படத் தொடங்குகிறது. மாலியின் மாணவரான என். ரமணி வழியாக அம்முறை இன்று உலகெங்கும் பரவியுள்ளது; ஜொகூரில் குழல் கற்கும் ஒரு சிறுவனின் விரலிலும் அதன் சாயல் இருக்கும்.

பறவைகளுக்கு வருவோம். நாரதீய சிட்சை என்னும் பழைய வடமொழி நூல் ஏழு சுரங்களுக்கும் உயிரினங்களை வகுத்துள்ளது: ஷட்ஜம் மயிலுக்கும், ரிஷபம் காளைக்கும், காந்தாரம் ஆட்டுக்கும், மத்திமம் கிரௌஞ்சப் பறவைக்கும், பஞ்சமம் குயிலுக்கும், தைவதம் குதிரைக்கும், நிஷாதம் யானைக்கும் உரியன. இப்பட்டியலை ஒலி அளவீடாக எடுத்துக்கொள்வது பொருந்தாது, ஏனெனில் குயில் எந்த ஒரு சுரத்திலும் நிற்பதில்லை. ஜொகூர் பாருவின் குடியிருப்புப் பகுதிகளில் பொழுது புலர்வதற்கு முன்பே கேட்கத் தொடங்கும் ஆண்குயிலின் கூவலைக் கவனித்தால் அதன் அமைப்பு விளங்கும். இரண்டு அசைகள் கொண்ட ஒரே சொற்றொடர். இரண்டாம் அசை மேல்நோக்கி வளைகிறது. அடுத்த கூவல் அதே சொற்றொடர்தான், ஆனால் முன்னதைவிடச் சற்று உயரத்தில், சற்று அழுத்தமாக. அதற்கடுத்தது இன்னும் உயரத்தில். இவ்வாறு ஏழெட்டு முறை ஏறி, உச்சத்தில் திடீரென்று நின்றுவிடுகிறது. தொடக்கநிலை மாணவருக்கு ஆலாபனை கற்பிக்கும் ஆசிரியர், ஒரு சிறு சஞ்சாரத்தை எடுத்து ஒவ்வொரு முறையும் ஒரு சுரம் கூடுதலாகத் தொட்டுத் திரும்பச் சொல்வதும் இதே வழியில்தான். சஞ்சாரம் என்றால் உலாவுதல். ராகத்தின் தன்மை விளங்கச் சுரங்களுக்கிடையே உலவும் சொற்றொடரை அது குறிக்கும். சிறிய கருத்து ஒன்றை விடாமல் பிடித்துக்கொண்டு, இம்மி மாற்றத்தோடு மீண்டும் மீண்டும் சொல்லும்போது கேட்பவரின் எதிர்பார்ப்பு எப்படி இறுகுகிறது என்பதற்குக் குயிலைவிட எளிய பாடம் கிடைப்பதரிது.

குயிலின் பாட்டு கற்றுப் பெற்றதன்று என்பதும் நினைக்கத்தக்கது. காக்கைக் கூட்டில் பொரிந்து, காக்கையின் உணவை உண்டு, காக்கையின் கரைதலையே கேட்டு வளர்ந்தும், உரிய பருவத்தில் அது குயிலாகவே கூவுகிறது. ஜொகூரிலுள்ள எண்டாவ்-ரொம்பின் மழைக்காட்டில் பாடும் சோலைபாடியின் வகையோ வேறு. மலாய் மொழியில் முராய் பத்து எனப்படும் இப்பறவை, தன் இனத்தாரிடம் கேட்டுப் பயின்று, பிற பறவைகளின் குரல்களையும் எடுத்துச் சேர்த்து, நீண்ட சொற்றொடர்களை மாற்றி மாற்றிக் கோக்கிறது. அதன் நெருங்கிய உறவான குண்டுக்கரிச்சான், தோட்டப்புறங்களிலும் சிற்றூர்களிலும் வைகறையில் பாடுவது. மரபாக வந்த மாறாத சொற்றொடருக்குக் குயிலையும், கேட்டுக் கேட்டுச் சேர்த்த சொல்வளத்துக்குச் சோலைபாடியையும் எடுத்துக்காட்டாகக் கொண்டால், மனோதர்மத்துக்கு இரண்டும் வேண்டும். ராகத்தின் உயிரான பிடிகளை, அதாவது அதன் அடையாளச் சொற்றொடர்களை, மாற்றக் கூடாது. அவற்றைச் சுற்றிப் பின்னுவதில் பஞ்சம் இருக்கக் கூடாது. குழல் வித்துவான் டி. விஸ்வநாதன் 1970களில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ராக ஆலாபனை பற்றி முனைவர் பட்ட ஆய்வை மேற்கொண்டவர். வாசிக்கும் கலைஞரே தம் கற்பனையின் இலக்கணத்தை ஆராய்ந்து எழுதிய அரிய முயற்சி அது. கற்பனை என்பது வானத்திலிருந்து விழுவதில்லை, அதற்கு ஆராயத்தக்க ஒழுங்கு உண்டு என்பதை அத்தகைய முயற்சிகளே உறுதிப்படுத்துகின்றன.

மலேசியப் பூர்வகுடிகளின் இசைமரபு இதற்கு மேலும் ஒரு கோணம் சேர்க்கிறது. தீபகற்பத்தின் நடுமலைப் பகுதியில் வாழும் தெமியார் மக்களைப் பற்றி இனவிசையியலாளர் மரினா ரோஸ்மன் 1991இல் வெளியிட்ட நூல், அவர்கள் தங்கள் பாடல்களைக் கனவில் பெறுவதாக நம்புவதை விரிவாக ஆராய்கிறது. மலையோ ஆறோ மரமோ கனியோ உயிருருக் கொண்டு கனவில் தோன்றி ஒருவருக்குப் பாடலைத் தருகிறது. அவர் விழித்தெழுந்து ஊராருடன் அதைப் பாடுகிறார். சில்வண்டின் துடிப்பான ஒலியும் மூங்கில் குழாய்களைத் தரையில் மோதி எழுப்பும் தாளமும் நெஞ்சில் ஏக்கத்தைக் கிளறுவதாக அவர்கள் உணர்கிறார்கள். மூக்கால் ஊதும் மூங்கில் குழலும் அவர்களிடம் உண்டு. பாடலைக் குறிக்க அவர்கள் ஆளும் சொல்லுக்கு ‘பாதை’ என்று பொருள். காட்டில் வழி தெரியாதவர் தொலைந்துபோவார். வழி தெரிந்தவரோ ஒவ்வொரு நாளும் வெவ்வேறு திசையில் நடந்தும் வீடு திரும்புவார். சஞ்சாரம் என்ற நம் சொல்லும் பாதை என்ற அவர்கள் சொல்லும் இசையை நடையாகவே காண்கின்றன. பாப்புவா நியூகினியின் கலுலி மக்கள் மெட்டின் அசைவுகளை அருவி விழும் விதங்களைக் கொண்டே பெயரிட்டு அழைப்பதாக ஸ்டீவன் ஃபெல்டு 1982இல் எழுதியதும் இத்துடன் சேர்த்து எண்ணத்தக்கது.

இயற்கையை அப்படியே குழலில் எழுதிவிட முயன்றவர்களும் உண்டு. பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒலிவியே மெசியான் கரும்பறவை ஒன்றின் பாட்டைக் கேட்டெழுதி, குழலுக்கும் பியானோவுக்குமாக 1952இல் ஓர் உருப்படி அமைத்தார். ஜப்பானின் ஷாகுஹாச்சி மூங்கில் குழலில் தொலைவில் கேட்கும் மான்குரலையும் கூடு கட்டும் கொக்குகளையும் உணர்த்தும் பழைய உருப்படிகள் உள்ளன. அவை உயர்ந்த கலை என்பதில் ஐயமில்லை. எனினும் அவை இயற்றி முடிக்கப்பட்டவை. கர்நாடக இசை மாணவர் அவற்றிலிருந்து பெறக்கூடியது கேட்கும் கூர்மையையே. கச்சேரி மேடையில் குயிலைப் போலக் கூவிக் காட்டிக் கைதட்டல் பெறுவது மனோதர்மம் ஆகாது.

ஜொகூரின் நிலமும் வானிலையும் குழல் பயிற்சியில் நேரடியாகத் தலையிடுகின்றன. ஒலியின் வேகம் காற்றின் வெப்பம் ஒரு பாகை செல்சியசு உயரும்போது நொடிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் கூடுகிறது. குழலுக்குள் இருக்கும் காற்றின் வெப்பம் 10 பாகை மாறினால் சுருதி அரைச்சுரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நகர்ந்துவிடும். வெயில் காய்ந்த திண்ணையில் சரியாக நின்ற குழல், குளிரூட்டப்பட்ட அரங்கில் இறங்கி ஒலிப்பது இதனால்தான். உதட்டைச் சற்றே திருப்பி, ஊதும் கோணத்தை மாற்றி அந்தக் குறையை நிரப்பும் பழக்கம், கேட்டுக்கொண்டே வாசிக்கும் பழக்கத்தின் முதல் படி. காட்டோரங்களில் மாலை மங்கும் நேரத்தில், ஆறு மணிப் பூச்சி என்று பெயர் பெற்ற பெரிய சில்வண்டு எழுப்பும் இடையறாத ஒலியோடு ஒரு நீண்ட ஷட்ஜத்தை ஊதிப் பார்க்கும் மாணவர், தம்புராவிலோ சுருதிப் பெட்டியிலோ உணராத ஒன்றை உணர்வார்: சில்வண்டு சற்றே ஏறும், இறங்கும், பல வண்டுகள் சேரும்போது ஒலி தடிக்கும், திடீரென்று அறுபடும். நிலையான சுருதியோடு சேர்வது ஒரு திறன். அசையும் ஒலிக்கு இடையே தன் சுருதியை விடாமல் நிற்பது அதைவிடக் கடினமான திறன். இந்த நிலத்தில் கோடைக்காற்று என்ற பருவமே கிடையாது என்பதையும் கூற வேண்டும். நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றும், மேற்குக் கரையில் விடியற்காலையில் திடீரென்று வந்து அடித்துப் போகும் சுமத்ராப் புயற்காற்றும் இங்கு அதிகம் உணரப்படுபவை. தமிழகத்தின் பருவங்களோடு பிணைந்த ராக நினைவுகளை இங்குள்ள மாணவர் தம் மழையோடு புதிதாகப் பிணைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அந்த நிலமும் மாறிக்கொண்டே வருகிறது. ஜொகூர்த் தமிழரில் பெரும்பாலோரின் முன்னோர் ரப்பர்த் தோட்டங்களுக்காக வந்தவர்கள். காட்டை அழித்துத் தோட்டமாக்கிய உழைப்பில் அவர்களின் பங்கு பெரிது என்ற உண்மை கசப்பானதாயினும் மறைக்கத்தக்கதன்று. பால்மரம் சீவ இருட்டோடு எழுந்து சென்ற தலைமுறைகளுக்குக் குண்டுக்கரிச்சானின் பாட்டே விடியலின் அடையாளமாக இருந்திருக்கும். 1960களுக்குப் பின் ரப்பர் இருந்த இடங்களில் செம்பனை பரவியது; தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் ஜொகூர் பாரு, ஸ்கூடாய், மாசாய், பாசிர் கூடாங் போன்ற நகர்ப்புறங்களுக்குக் குடிபெயர்ந்தனர். 1985–86இல் மலேசிய இயற்கைக் கழகம் நடத்திய அறிவியல் பயணமே எண்டாவ்-ரொம்பின் காட்டின் உயிர்வளத்தைப் பொதுமக்கள் பார்வைக்குக் கொண்டுவந்தது. ஜொகூர்ப் பகுதி 1993இல் தேசியப் பூங்காவாகியது. அதன் வாயிலில் உள்ள கம்போங் பேட்டாவில் ஜக்கூன் மக்கள் இன்றும் வாழ்கிறார்கள். ஆற்றோரங்களில் கொப்பளித்துப் பாடும் பாராவ்-பாராவ் என்னும் சின்னான் இனப் பறவை, அதன் பாட்டுக்காகவே பொறிவைத்துப் பிடிக்கப்பட்டு, 2018இல் உலகளவில் மிக ஆபத்தான நிலையில் உள்ள உயிரினமாக அறிவிக்கப்பட்டது. குரல் இனிமையே ஒரு பறவையின் அழிவுக்குக் காரணமானதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

ஜொகூரின் சிறு நகரங்களில் மற்றோர் ஒலியும் சேர்ந்துள்ளது. கூட்டுக்காக உழவாரன் குருவிகளை ஈர்க்கக் கடைவீடுகளின் மேல்மாடிகளில் ஒலிபெருக்கி வைத்து, பதிவுசெய்த குருவிக் குரலைப் பகலெல்லாம் ஓடவிடுகிறார்கள். அது பறவையின் குரலேதான்; ஆனால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அதே வரிசையில், அதே அழுத்தத்தில், அணுவளவும் மாறாமல் திரும்ப வருகிறது. மனோதர்மம் இல்லாத வாசிப்பு எப்படி ஒலிக்கும் என்பதை அந்த ஒலிபெருக்கியின் கீழே ஐந்து நிமிடம் நின்றால் அறியலாம். கைப்பேசியில் கேட்ட ஒரு பெரிய வித்துவானின் ஆலாபனையை அப்படியே மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் பழக்கம் மாணவரிடையே பெருகிவரும் இந்நாளில் இந்த ஒப்பீடு தேவையாகிறது. கேட்டு மனத்தில் ஏற்றுவது கல்வியின் தொடக்கம். சோலைபாடியும் அப்படித்தான் தொடங்குகிறது. அங்கேயே நின்றுவிட்டால் அது பதிவுநாடாவாகிவிடும்.

முறையாகக் கற்பதற்கு இங்கு இடங்கள் உண்டு. சுவாமி சாந்தானந்த சரஸ்வதி 1981இல் கோலாலம்பூரில் நிறுவிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் என்னும் கலை நிறுவனம் ஜொகூர் பாருவிலும் கிளை கொண்டுள்ளது. பாலத்தைக் கடந்தால் சிங்கப்பூரில் 1949இலிருந்து இயங்கிவரும் இந்தியர் நுண்கலைக் கழகம் இருக்கிறது. இத்தகைய நிறுவனங்களாலும் தனி ஆசிரியர்களாலும் இங்கு மரபிசைக் கல்வி நிலைத்திருக்கிறது. தேர்வும் அரங்கேற்றமும் சார்ந்த பாடத்திட்டத்தில் வெளியே அமர்ந்து கேட்பதற்கு இடம் ஒதுக்குவது எளிதன்று. ஆயினும் வாரத்தில் ஒரு விடியலை அதற்குக் கொடுப்பது இயலாத செயலும் அன்று. குயில் ஏறிச்சென்ற உயரத்தைக் குழலில் தேடிப் பிடித்து, அதன் ஏழு கூவல்களுக்கும் மோகனத்தின் சுரங்களில் ஏழு சொற்றொடர்களை அமைத்து வாசிக்கும் மாணவர், உச்சத்தில் குயில் நிறுத்திவிடும் இடத்தில் தாமும் வந்து நிற்பார். குயிலுக்கு அங்கே வேலை முடிந்துவிட்டது. ஆலாபனைக்கோ மேல் ஷட்ஜத்திலிருந்து, ஏறிவந்த வழியே திரும்பாமல், தைவதத்தில் சற்றே தங்கி, காந்தாரத்தைத் தொட்டு, கீழே ஆதார ஷட்ஜத்துக்கு வந்து சேரும் இறக்கம் இன்னும் பாக்கி இருக்கிறது. அந்த வழியை ஆசிரியர் அருகில் அமர்ந்து, ஒரு மூச்சுக்கு ஒரு சொற்றொடராக, ஊதிக் காட்ட வேண்டும்.